கொடிவேலியைக் கொல்ல முந்நூறு ரூபாய்

ஐம்பத்து மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் அர்த்தனாரி மறுபடியும் காரை நிறுத்தச் சொன்னான். முப்பத்தொன்றில் ஒருமுறை சொல்லியிருந்தான், நாற்பத்தைந்தில் ஒருமுறை. பானுமதி துப்பறியும் நிலையத்தின் ஒரே உதவியாளன் என்ற பெருமை அவன் வயிற்றுக்கு எட்டவே இல்லை. ரோட்டோரக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, காலையில் நாமக்கல்லில் சாப்பிட்ட நாலு இட்லியையும் மலைக்குக் காணிக்கை ஆக்கினான்.

பானுமதி இறங்கவில்லை. ஸ்டியரிங் மேல் கைபேசியைச் சாய்த்து வைத்து ஏதோ வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயது. மாப்பிள்ளை வீட்டாரை விசாரித்துச் சொல்லியே ஜில்லாவில் பெயர் வாங்கியவர். அவர் சொல் கேட்டு நின்றுபோன கல்யாணங்களை வைத்து ஒரு மண்டபத்தையே மூடலாம் என்பது அர்த்தனாரியின் கணக்கு.

வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். "இதுவரைக்கும் எத்தனை கொலைங்க மேடம்?"

"ஆறு."

"செத்தது எத்தனை பேரு?"

"ஒருத்தி."

அர்த்தனாரி விரலை மடக்கி எண்ணிப் பார்த்தான். "கேஸு எடுக்கறதுக்கு முன்னாடி இதை நீங்க எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

பானுமதி வண்டியை எடுத்தபடியே சொன்னார். செம்மேட்டில் முருகானந்தம் என்று ஒருவர். சேலத்தில் பார்த்த நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்கு 'மஞ்சுக்காடு' என்று ஒரு நேரலை நிகழ்ச்சி நடத்துகிறார். மேசையைச் சுற்றி நாலு பேர். முருகானந்தம் கதை சொல்வார். மற்ற மூவரும் கதையில் வரும் ஆட்களாகவே பேசுவார்கள். ஓடையைத் தாண்டினார்களா, விழுந்தார்களா என்பதை இருபது முகம் வைத்த ஒரு பகடை சொல்லும். தொலைந்துபோன சுனை ஒன்றைத் தேடி ஒரு வில்லாளியும் ஒரு வழிப்பறிக்காரனும் கொடிவேலி என்ற மருத்துவச்சியும் காட்டுக்குள் போகிறார்கள். அவ்வளவுதான் கதை.

"நல்லாத்தானே இருக்குது."

"நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் பாக்கறவங்க காசு குடுத்தா கதையில கை வெக்கலாம்னு ஒரு பட்டியல் போட்டாரு."

ஐம்பது ரூபாய் கட்டினால் பகடையை மறுபடி உருட்ட வேண்டும். நூறு கட்டினால் வில்லாளி ஒரு பாட்டுப் பாட வேண்டும். முந்நூறு கட்டினால் கேட்ட ஆள் மேல் மலையிலிருந்து ஒரு பாறை உருளும். ஐந்நூறு கட்டினால் செத்தவர் வாயில் உயிர்மூலிகை விழும், எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். சாவைவிட உயிருக்கு இருநூறு ரூபாய் கூடுதல் என்று வைத்த மனிதர் வியாபாரம் தெரிந்தவர்தான். ஆனால் கதை படுத்துவிட்டது. சுனையைத் தேடிக் கிளம்பிய மூவரும் நாலு மாதமாக ஒரே சரிவில் நிற்கிறார்கள். வில்லாளி அம்பு விட்டதைவிடப் பாட்டுப் பாடியதுதான் அதிகம். முருகானந்தம் ஆரம்பித்த வாக்கியத்தை முடித்தே பல வாரமாயிற்று. பார்க்கும் கூட்டம் மட்டும் ஆயிரத்திலிருந்து ஒன்பதாயிரமாக ஏறியிருந்தது.

"அந்தக் கூட்டம் வாரதே கொடிவேலிக்காகத்தான்," என்றார் பானுமதி. "நாலு வாரமா யாரோ அவ மேல மட்டும் கல்லா உருட்டறாங்க. பதினோரு கல்லு. ஆறு சாவு. ஒவ்வொரு தடவையும் ரசிகருங்க மூலிகை போட்டு எழுப்பிடறாங்க. ஒரு நா எழுப்பாம விட்டுட்டா நிகழ்ச்சியே முடிஞ்சுதுன்னு முருகானந்தம் பயப்படறாரு. யாருன்னு கண்டுபுடிச்சு நிறுத்தணும்."

"இருக்கற ஊட்டையும் வேலையையும் விட்டுட்டு வந்தவரு பயப்படத்தான் செய்வாரு," என்றான் அர்த்தனாரி. அறுபத்திரண்டாவது வளைவு வந்தது. அவன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

செம்மேட்டில் அந்த வீடு சுலபமாகக் கிடைத்தது. முன்னறையைக் காடாக மாற்றியிருந்தார்கள். சுவரில் பச்சைத் துணி, மூலையில் நிஜமான மிளகுக்கொடி, நடுவில் பலாமர மேசை. மேசைமேல் காசு கட்டுவதற்கான க்யூஆர் கட்டம் போட்ட அட்டை, அதன் பக்கத்தில் மளிகைக்கடைகளில் கத்துமே, அந்தச் சவுண்ட் பாக்ஸ். யாராவது காசு அனுப்பினால் அது தொகையைச் சொல்லும். யார் மேல் என்ன செய்ய வேண்டும் என்பது முருகானந்தத்தின் கைபேசியில் குறிப்பாக வரும்.

முருகானந்தத்துக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். தூக்கம் பார்க்காத கண்கள். "பதினோரு கல்லும் ஒரே பேருல வந்துருக்குதுங்க," என்று கைபேசியைக் காட்டினார். "அத்தாயின்னு. போலிப் பேருங்க. இந்தக் காலத்துல செல்போன்ல காசு போடற ஆளுக்கு யாருங்க அத்தாயின்னு பேரு வெப்பாங்க? எனக்குக் கோயம்புத்தூர்ல போட்டியா ஒரு நிகழ்ச்சி நடத்தறாங்க. அவங்க வேலையாத்தான் இருக்கும்."

"உங்க ஆளுங்க மேல சந்தேகம் இல்லீங்களா?"

"ஆட்டம் ஆரம்பிச்சா எல்லார் போனும் அந்தக் கூடையில போயிருமுங்க. என்னுது மட்டுந்தான் வெளிய இருக்கும்."

ஆட்கள் வந்தார்கள். வழிப்பறிக்காரனாக ஆடும் தனபால். வில்லாளியாக ஆடும் மணிவண்ணன், தொண்டைக்கு இதமாக மிளகு மென்றுகொண்டிருந்தான். கடைசியாக மேனகா. அதே மலையில் திருப்புலி நாட்டுப் பெண், முருகானந்தத்துக்குச் சொந்த அத்தை மகள். நர்ஸ் படிப்பு முடித்தவள். "வாங்க" என்று அவள் சிரித்ததைப் பார்த்ததும் ஒன்பதாயிரம் பேர் ஏன் வருகிறார்கள் என்று அர்த்தனாரிக்குப் புரிந்தது. கொலைகாரன் மணிவண்ணன்தான் என்று அந்த நிமிடமே முடிவு கட்டினான். வாராவாரம் பாட வைத்தால் எவனுக்கும் வெறி வரும்.

"நீ வெளிய போய் அந்த டீக்கடை பெஞ்சுல உக்காரு," என்றார் பானுமதி. "போன்ல நிகழ்ச்சியப் பாரு. காதை இந்த ஜன்னல் பக்கம் வெய்யி."

"ரெண்டும் ஒண்ணுதானேங்க மேடம்?"

"போயி உக்காரு. தெரியும்."

டீக்கடை அந்த வீட்டுச் சுவரை ஒட்டியே இருந்தது. 'சுப்பண்ணன் டீ ஸ்டால்' என்று பலகை. சுப்பண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்ததால் அவர் மனைவி மட்டும் போண்டா போட்டுக்கொண்டிருந்தார். வந்தவர்கள் எல்லோரும் "கடைக்காரக்கா, ரெண்டு டீ" என்றார்கள். ஒருவர் கையில் ரொக்கமாக நூறு ரூபாயைக் கொடுத்து, நாமக்கல்லில் படிக்கும் பையனுக்குப் போட்டுவிடச் சொன்னார். அந்தம்மா எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தன் கைபேசியில் போட்டுவிட்டார். மலையில் பாதிப் பேருக்கு அவர்தான் பேங்க் போலிருந்தது.

ஐந்து மணிக்கு நிகழ்ச்சி ஆரம்பித்தது. ஜன்னல் வழியாக முருகானந்தத்தின் குரல் கணீரென்று வந்தது. கைபேசியில் அவர் அப்போதுதான் கூடையில் போன்களை வாங்கிக்கொண்டிருந்தார். அர்த்தனாரி மணி பார்த்தான். நேரலை என்று பெயர்தான். உள்ளே நடப்பது உலகத்துக்குத் தெரிய முழுசாக முப்பது விநாடி ஆயிற்று.

இருபது நிமிடத்தில் மணிவண்ணன் மூன்று பாட்டுப் பாடினான். ஒரு பாம்பு வந்தது, கொடிவேலியைக் கொத்தியது. ஜன்னலுக்குள் பகடை உருளும் சத்தம். "ரெண்டு," என்றார் முருகானந்தம். "கொடிவேலிக்கு உசுரு ரெண்டு புள்ளிதான் மிச்சம்."

உடனே மேனகாவின் குரல் ஜன்னல் பக்கம் திரும்பிக் கேட்டது. "அக்கா, ஒரு டீ."

கடைக்காரம்மா கரண்டியைக் கீழே வைத்தார். பாலைத் தொடவில்லை. டம்ளரைத் தொடவில்லை. கைபேசியை எடுத்து ஒற்றை விரலால் நாலு அமுக்கு அமுக்கினார். உள்ளேயிருந்து சவுண்ட் பாக்ஸ் கத்தியது. "முந்நூறு ரூபாய் பெறப்பட்டது." அம்மா மறுபடி கரண்டியை எடுத்துப் போண்டாவைத் திருப்பினார்.

அர்த்தனாரி தன் கைபேசியைப் பார்த்தான். அதில் பாம்பே இன்னும் வந்திருக்கவில்லை.

"கொடிவேலி மேல் பாறை" என்று உள்ளே முருகானந்தம் உயிரில்லாமல் படித்தார். மேனகா உருட்டினாள். மூன்று. கொடிவேலி ஏழாவது முறையாகச் செத்தாள். இரண்டு நிமிட மணல் கடிகாரத்தைக் கவிழ்த்தார்கள். அது தீர்வதற்குள் மூலிகை வந்தாக வேண்டும் என்பது விதி. கும்பகோணத்துப் பல் டாக்டர் ஒருவர் கால்வாசி மணல் விழும்போதே ஐந்நூறு போட்டுக் காப்பாற்றிவிட்டார்.

அர்த்தனாரி ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று எழுந்தான். பானுமதி ஏற்கெனவே பின்னால் வந்து நின்றிருந்தார்.

"மேடம், பாக்கறவங்க யாருக்கும் பாம்பு கொத்துனதே தெரியாதப்பவே கல்லு வந்துருச்சு. அப்படின்னா..."

"காதுக்கெட்டற தூரத்துல இருக்கற ஆளு. பதினோரு கல்லும் அப்படித்தான் வந்துருக்குது. பதினொண்ணுக்கும் முன்னாடி அந்தப் பொண்ணு ஒரு டீ கேக்குது. ஒரு தடவைகூட மேசை மேல டம்ளரு இல்ல."

"எப்பப் பாத்தீங்க?"

"அம்பத்து மூணாவது வளைவுல."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீ வேற வேலையா இருந்தயே."

பானுமதி அடுப்புப் பக்கம் போனார். "ஏனுங்கக்கா, உங்க பேரென்னங்க?"

அந்தம்மா கரண்டியோடு நிமிர்ந்தார். அவர் முகத்தில் வெட்கம் வந்தது. "எம்பேருங்களா? அதக் கேட்டு ஆளு வந்தே பன்னெண்டு வருசமாச்சு. அத்தாயிங்க."

அடுத்த சுவருக்குள் உட்கார்ந்து கோயம்புத்தூரைத் திட்டிக்கொண்டிருந்த மனிதரை நினைத்து அர்த்தனாரி சிரித்துவிட்டான். கடைக்குச் செலுத்தும் காசு சுப்பண்ணன் பேரில் போகிறது. கூப்பிடுவதோ கடைக்காரக்கா. சேலத்திலிருந்து வந்த நாளாகத் தினமும் நாலு டீ வாங்கிக் குடித்த முருகானந்தத்துக்கு அந்தம்மாவின் பேர் தெரியாது.

"அந்தப் புள்ள காசு முன்கூட்டியே குடுத்து வெச்சிருக்குதுங்க," என்றார் அத்தாயி. "ஒரு டீன்னு சொன்னா முன்னூறு போட்டுடுங்கக்கா, எழுத வேண்டியத நானே போன்ல எழுதி வெச்சுட்டேன், அமுக்குனாப் போதும்னுச்சு. எதுக்குன்னு நான் கேக்கலீங்க. எதோ மொய்யுன்னு நெனச்சேன்."

"கூலிப்படைங்கறது இதுதான் போல," என்றான் அர்த்தனாரி. "போண்டாவும் போடறாங்க."

ஐந்தரைக்குப் பதினைந்து நிமிட இடைவேளை. மேனகா வெளியே வந்தவள், அத்தாயிக்குப் பக்கத்தில் பானுமதி நிற்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"தப்பிச்சு ஓடறவங்களப் பாத்திருக்கறேன்," என்றார் பானுமதி. "தன்னையே கொல்ல ஆள் வெச்சவங்கள இப்பத்தான் பாக்கறேன். ஏன் சாமி?"

மேனகா மறைக்கவில்லை. ஒரு மாதமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள்போலச் சொன்னாள். "ஓசூர்ல ஒரு ஆஸ்பத்திரியில வேல கெடச்சிருக்குதுங்க. புதன்கெழம போயிச் சேரணும். ஒரு மாசம் தள்ளி வாங்கியாச்சு. இனிமே தள்ள மாட்டாங்க. போகலீன்னா வேற ஆள எடுத்துக்குவாங்க."

"போ. யாரு புடிச்சு வெச்சிருக்கறா?"

"சூடம் அணைச்சிருக்கறனுங்க."

ஏழு மாதத்துக்கு முன் நடந்தது அது. முதல் நாள் விளம்பரத்துக்காக முருகானந்தம் மூவரையும் பெரியசாமி கோயிலுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். தட்டில் சூடம் ஏற்றி, 'கதையில் என் ஆளுக்கு உயிர் இருக்கும்வரை இந்த மேசையை விட்டுப் போக மாட்டேன்' என்று கேமரா முன்னால் சொல்லச் சொல்லி, கையால் அணைக்க வைத்து வீடியோ எடுத்திருக்கிறார். இரண்டு லட்சம் பேர் பார்த்தார்களாம்.

"மாமன் வீடியோவுக்குன்னு சொல்லித்தான் ஏத்துனாருங்க," என்றாள் மேனகா. "வீடியோவுக்குன்னு சாமிக்குத் தெரியுமாங்க?"

அர்த்தனாரியிடம் இதற்குப் பதில் ஒன்று தயாராக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தான். பதிலை விழுங்கிவிட்டான்.

"ரசிகருங்களுக்குத் தெரியறதுக்குள்ள செத்துட்டா எழுப்ப மாட்டாங்கன்னு நெனச்சேன். எழுப்பி எழுப்பி உடறாங்க. அன்பாத்தான் செய்யறாங்க. ஒவ்வொரு ஐநூறுக்கும் எனக்கு நெஞ்சடைக்குதுங்க."

"முருகானந்தத்துகிட்டச் சொல்லலியா?"

"மூணு தடவ சொன்னனுங்க. பாக்கலாம் கண்ணுன்னாரு."

இடைவேளைக்கு நாலு நிமிடம் மீதி இருந்தது. பானுமதி நேரே உள்ளே போய், மிளகுக்கொடிப் பக்கம் நின்ற முருகானந்தத்திடம் எல்லாவற்றையும் சொன்னார். அர்த்தனாரி ஜன்னலோரமாகவே நின்று பார்த்தான். முருகானந்தம் முதலில் சிரித்தார். பிறகு டீக்கடைப் பக்கம் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"மூணு தடவ சொன்னாளுங்க," என்றார். "எனக்குக் கேட்டுச்சு. கேக்காத மாதிரி இருந்துட்டேன். அவ போயிட்டா யாரு பாப்பாங்க? சேலத்து வேலையும் போச்சு, இதுவும் போச்சுன்னா நான் என்னங்க பண்ணட்டும்?"

"யாருன்னு கண்டுபுடிக்கத்தான் கூப்பிட்டீங்க. கண்டுபுடிச்சாச்சு. மிச்சம் உங்க ஊட்டுச் சமாச்சாரம்."

"ஆட்டம் நடத்தறவன் யாரையும் கொல்லக் கூடாதுன்னு நானேதானுங்க விதி வெச்சேன்."

"விதி வெச்சீங்க. வெலையும் வெச்சீங்க," என்றார் பானுமதி.

ஐந்தே முக்காலுக்கு மறுபடி ஆரம்பித்தது. முருகானந்தம் காசைப் பற்றியே பேசாமல் கதை சொன்னார். மலை இறங்கிய மஞ்சு, ஈரப் பாறை, தூரத்தில் தண்ணீர் விழும் ஓசை. மனிதருக்குக் கதை சொல்ல வரும் என்பதையே அர்த்தனாரி அப்போதுதான் தெரிந்துகொண்டான். தனபாலும் மணிவண்ணனும்கூட முன்னால் சாய்ந்து கேட்டார்கள். கொடிவேலிக்குக் கால் வழுக்கியது. பகடை உருண்டது. உயிர் ஒரு புள்ளி.

மேனகா ஜன்னல் பக்கம் பார்த்தாள். குட்டு உடைந்த பிறகு கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை.

முருகானந்தமே தலையைத் திருப்பினார். "அத்தாயக்கா, மேனகாவுக்கு ஒரு டீ."

அத்தாயி கரண்டியை வைத்துவிட்டு அமுக்கினார். பாறை உருண்டது. மேனகா உருட்டினாள். ஐந்து. பத்துக்கு மேல் விழுந்திருந்தால்தான் உயிர். முருகானந்தம் மணல் கடிகாரத்தைக் கவிழ்த்தார். பிறகு கட்டம் போட்ட அட்டையை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதனால் பயனில்லை. ரசிகர்கள் அந்தக் கட்டத்தைப் படமெடுத்து என்றோ வைத்திருந்தார்கள். முப்பது விநாடியில் சவுண்ட் பாக்ஸ் ஆரம்பித்தது. ஐந்நூறு. ஐந்நூறு. ஐந்நூறு. மேனகா கண்களை மூடிக்கொண்டாள். முருகானந்தம் அந்தப் பெட்டியை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். அர்த்தனாரி வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். அதை எப்படி நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியவில்லை. கும்பகோணத்துக்காரர் மட்டும் மூன்று முறை போட்டார். அவன் மடியில் கொடிவேலி பத்தொன்பது தடவை உயிர்த்தெழுந்தாள். டீ குடிக்க வந்தவர்கள் எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

உள்ளே முருகானந்தம் கேமராவைப் பார்த்துப் பேசினார். "இப்ப வந்த காசு அத்தனையும் ராத்திரிக்குள்ள திரும்பி வந்துருமுங்க. கோவிச்சுக்காதீங்க. இந்த உசுரு மட்டும் விக்கறதுக்கில்லீங்க."

நாலு பேரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மணல் விழுந்து முடியக் காத்திருந்தார்கள். கொலையைத் தடுக்கச் சொல்லிக் கூப்பிட்ட ஆளே கடைசியில் கொலை செய்கிறார், அதையும் ஒன்பதாயிரம் பேர் சாட்சியாக. வேறொரு நாளாக இருந்தால் அர்த்தனாரி இதை வைத்து ஒரு வாரம் ஓட்டியிருப்பான். இப்போது அந்த மணல் சீக்கிரம் தீர வேண்டும் என்று மட்டும் மனதார வேண்டிக்கொண்டான்.

கடைசி மணலும் விழுந்தது.

"கொடிவேலி செத்துட்டா கண்ணு," என்றார் முருகானந்தம். "எந்திரி."

மேனகா மேசையை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சட்டென்று எழவில்லை. ஒரு மாதமாக எழ முடியாத இடம். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். கூடையிலிருந்து தன் போனை எடுத்துக்கொண்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"போயிட்டு வாரனுங்க மாமா."

முருகானந்தம் காலி நாற்காலியைப் பார்த்தபடியே சொன்னார். "வராட்டியும் பரவால்ல கண்ணு. நல்லாயிரு."